டாஸ்மாக் கடை முன்னாடி உட்காரப் போறோம், கேஸ் வந்தா பொண்ணோட கவர்மெண்ட் வேலை போயிடுமா?

கேள்வி: வக்கீல் மேடம், நான் திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு கிராமம், மகளிர் குழு தலைவியா இருக்கேன். எங்க ஊர் ஸ்கூலுக்குப் போற ரோட்டுல டாஸ்மாக் கடை இருக்கு, ஸ்கூல் கேட்ல இருந்து 200 அடி கூட இருக்காது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பொம்பளப் பிள்ளைங்க குடிச்சுட்டு விழுந்து கிடக்கறவங்களைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல பல தடவை மனு குடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இப்ப கடையை முற்றுகை போடலாம்னு பேசியிருக்கோம். சிலர் ரோடு மறியல் பண்ணாத்தான் பேப்பர்ல வரும்ங்கறாங்க, இளவட்டங்க கடைக்குப் பூட்டு போட்டுடுவோம்ங்கறாங்க, ஒரு பெரியவர் சாகும்வரை உண்ணாவிரதம்னு ஒத்தக்கால்ல நிக்கறார். போலீஸ் கேஸ் போடுமா? என் பொண்ணு குரூப் 4 எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கா, அவளும் முன்வரிசையில உட்காருவேங்கறா. அனுப்பலாமா?

பதில்:

அக்கா, வணக்கம். உங்க லெட்டர்ல என் கண்ணுல முதல்ல பட்டது அந்த 200 அடிதான். 200 அடின்னா ஏறக்குறைய 61 மீட்டர். தமிழ்நாட்டுல மதுக்கடை நடத்தறதுக்குன்னு 2003-ல போட்ட விதிகள் இருக்கு, அதுல 8வது விதி என்ன சொல்லுதுன்னா மாநகராட்சி நகராட்சி பகுதியில 50 மீட்டர், மத்த இடங்கள்ல 100 மீட்டருக்குள்ள ஸ்கூலோ கோயிலோ சர்ச்சோ மசூதியோ இருந்தா அங்க கடை வைக்கக் கூடாது. உங்களுது கிராமப் பஞ்சாயத்து, அப்ப 100 மீட்டர் கணக்கு. நீங்க சொல்ற தூரம் சரின்னா சட்டத்தை மீறி நிக்கறது அந்தக் கடைதான், நீங்க இல்ல. இதை ஊர்ல எல்லாருக்கும் முதல்ல சொல்லுங்க, ஏன்னா போராடப் போறவங்க மனசுல "நாம ஏதோ தப்பு பண்ணப் போறோம்"ங்கற பயம் இருந்தா இன்ஸ்பெக்டர் ஒரு அதட்டு போட்டதும் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க.

ஆனா இதுல ரெண்டு ஓட்டை இருக்கு, அதையும் பாத்துக்கணும். டவுன் பிளானிங்ல அந்த இடத்தை வணிகப் பகுதின்னோ தொழிற்பகுதின்னோ வகைப்படுத்தி இருந்தா இந்த தூரக் கணக்கு செல்லாது. கடை வந்ததுக்கு அப்புறம் ஸ்கூல் வந்திருந்தாலும் இந்த விதி கை குடுக்காது. அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷத்துக்கு ஒரு ஆதாரம் எழுதி வாங்கிடுங்க, கடை எந்தத் தேதியில இந்தக் கட்டடத்துக்கு வந்துச்சுன்னு தகவல் அறியும் சட்டத்துல ஒரு மனு போடுங்க. அப்புறம் டேப் வெச்சு அளங்க, அடி வெச்சு நடந்து சொல்ற கணக்கு கோர்ட்ல நிக்காது. நேர்க்கோட்டுல எவ்வளவு, பிள்ளைங்க நடந்து போற வழியில எவ்வளவுன்னு ரெண்டையும் அளந்து எழுதி, அளக்கும்போது வி.ஏ.ஓ.வையும் கூப்பிடுங்க. அவர் வரலைன்னா கூப்பிட்டதுக்கு அத்தாட்சியா ஒரு லெட்டராவது இருக்கட்டும்.

இதெல்லாம் சொல்றதுனால "பேசாம மனு குடுத்துட்டு வீட்ல இருங்க"ன்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் அந்த கட்சி இல்ல. 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தேசிய, மாநில நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை இருக்கக் கூடாதுன்னு சொன்னப்போ, 2017 ஏப்ரல்ல அந்தக் கடைங்களை எடுத்து ஊருக்குள்ள கொண்டு வந்து வைக்கப் பாத்தாங்க. அப்ப அதைத் தடுத்தது யாரு? மாவட்டம் மாவட்டமா உங்க மாதிரி பொம்பளைங்கதான், வெயில்ல கடை வாசல்ல போய் உட்கார்ந்தாங்க. 2016-ல 500 கடை, 2017-ல 500 கடை, 2023 ஜூன்ல இன்னொரு 500 கடைன்னு எந்த ஆட்சி வந்தாலும் மூடறோம்னு சொல்ல வேண்டி வந்ததே இந்தக் கூட்டம் தெருவுக்கு வந்ததுனாலதான்னு நான் உறுதியா நம்பறேன். ஃபைல் நகரணும்னா பேப்பரும் வேணும் ஆளும் வேணும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நீங்க ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் கேக்கறீங்க. போராடறது வேற, சட்டத்தை மீறிப் போராடறது வேற. ஆயுதம் இல்லாம அமைதியாக் கூடறது அரசியல் சட்டம் 19வது பிரிவுல குடுத்த உரிமை, அதுக்கு யாரும் உங்களுக்கு தயவு காட்ட வேண்டியதில்ல. எந்த இடம், எத்தனை மணி, மைக் உண்டா இல்லையான்னு கட்டுப்படுத்தத்தான் போலீசுக்கு அதிகாரம் இருக்கு. நடைமுறை என்னன்னா இன்ஸ்பெக்டருக்கோ டி.எஸ்.பி.க்கோ அஞ்சாறு நாள் முன்னாடியே எழுத்துல குடுங்க, தேதி, நேரம், இடம், எத்தனை பேர், கோரிக்கை என்ன, பொறுப்பு யாருன்னு. குடுத்ததுக்கு ரசீது வாங்குங்க, ஸ்டேஷன்ல வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால் போடுங்க, எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு காப்பி அனுப்புங்க. பர்மிஷன் இல்லைன்னு சொன்னா வாயால சொல்றதைக் கேட்டுட்டு வராதீங்க, காரணத்தோட எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. அந்தக் காகிதம் கையில இருந்தா மதுரை ஹைகோர்ட்டுல ரிட் மனு, அதாவது அதிகாரிங்க போட்ட உத்தரவை எதிர்த்து ஒரு வழக்கு போடலாம், நிபந்தனையோட நடத்திக்கோங்கன்னு கோர்ட்டு சொல்றது அடிக்கடி நடக்கற விஷயம்தான்.

பர்மிஷனும் இல்ல, கோர்ட்டுக்குப் போகவும் நேரம் இல்ல, தடை உத்தரவு இருக்குன்னு தெரிஞ்சும் போய் உட்காரத்தான் போறோம்னா, அங்கதான் நீங்க சட்டமறுப்புக்குள்ள வர்றீங்க. இதுல எனக்குன்னு ஒரு கருத்து இருக்கு, உங்க குழுவுல எல்லாரும் அதைக் கேக்கணும்னு ஆசைப்படறேன். எந்த உத்தரவை மீறப் போறோம், அதுக்கு என்ன தண்டனை, அதை ஏத்துக்கத் தயாரான்னு ஒவ்வொரு ஆளும் தனித்தனியா தெரிஞ்சு முடிவு பண்ணியிருக்கணும். தெரியாம வந்து மாட்டிக்கிட்டு அப்புறம் ஸ்டேஷன்ல நின்னு அழற நிலைமை யாருக்கும் வரக் கூடாது, அப்படி ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனா அது போராட்டத்துக்குத் தலைமை தாங்கறவங்க அவங்களுக்குப் பண்ற துரோகம்.

காந்தி சம்பாரண்ல என்ன பண்ணார்னு பாருங்க. 1917 ஏப்ரல், பீகார்ல அவுரி விவசாயிங்க கஷ்டத்தை விசாரிக்கப் போனவரை மாவட்டத்தை விட்டு வெளியேறுன்னு 144 உத்தரவு போட்டாங்க. அவர் போக மாட்டேன்னார். மோதிஹாரி கோர்ட்ல நிறுத்தினப்போ வக்கீல் வெச்சு நான் மீறவே இல்லைன்னு வாதாடல, ஆமா மீறினேன், என் மனசாட்சி சொன்னதுனால மீறினேன், தண்டனையைக் குடுங்கன்னு நின்னார். வெளியில ஆயிரக்கணக்கான விவசாயிங்க. மாஜிஸ்ட்ரேட்டுக்கு என்ன பண்றதுன்னே புரியல, தீர்ப்பைத் தள்ளி வெச்சாரு, கடைசியில அரசாங்கமே கேஸை வாபஸ் வாங்கிடுச்சு. அன்னைக்கு அவர் மேல போட்ட செக்‌ஷன் ஐ.பி.சி. 188. நூறு வருஷத்துக்கும் மேல அதே 188-ஐ நம்ம ஊர்ல மறியல் பண்ற எல்லார் மேலயும் போட்டுட்டு இருந்தாங்க. 2024 ஜூலை 1-ல இருந்து ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ங்கற புதுச் சட்டத்துல அது 223-ஆ மாறியிருக்கு, 144 இப்ப பி.என்.எஸ்.எஸ்.ங்கற புது நடைமுறைச் சட்டத்துல 163. நம்பர் மட்டும் மாறல, தண்டனையும் ஏறியிருக்கு, பழைய 188-ல சாதாரணமா ஒரு மாசம் ஜெயில் இல்ல 200 ரூபா ஃபைன், இப்ப 223-ல ஆறு மாசம் வரைக்கும் போலாம், ஃபைன் 2500 வரைக்கும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வர்ற மாதிரி மீறினா ஒரு வருஷம், 5000 ரூபா.

கடை வாசல்ல பொம்பளைங்க உட்கார்றது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்ல. 1921-ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல்ல பெரியாரைப் பிடிச்சு உள்ள வெச்சப்போ அவர் மனைவி நாகம்மையும் தங்கச்சி கண்ணம்மாளும்தான் வாசல்ல வந்து நின்னாங்க. 1930-ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நூறு பேரோட நடந்தப்போ தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்கு சோறு போட்டாலோ தங்க இடம் குடுத்தாலோ ஜெயில்னு உத்தரவு போட்டாரு. ஜனங்க என்ன பண்ணாங்கன்னா சோத்துப் பொட்டலத்தை வழியில மரக்கிளையில கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க, யாரு கட்டினதுன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியல. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம் அக்கா, ஏன்னா முன்னாடி நடந்து ஜெயிலுக்குப் போனவங்களும் வேணும், பின்னாடி இருந்து பொட்டலம் கட்டினவங்களும் வேணும். உங்க பொண்ணு விஷயத்துக்கு வரும்போது இதைத் திரும்ப சொல்றேன்.

சரி, உங்க ஊர்ல சொல்ற யோசனைங்களைப் பாப்போம். முற்றுகைன்னு நீங்க சொல்றது கடை வாசலுக்கு எதிர்ல ஓரமா உட்கார்ந்து கோஷம் போடறதுன்னா அதுல பெரிய ஆபத்து இல்ல. வாங்க வர்றவனை உள்ள விடாம மறிச்சா தடுத்து நிறுத்தினதுன்னு புதுச் சட்டத்துல 126-வது செக்‌ஷன் வரும், அதுக்கு ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5000 ரூபா ஃபைன், பெயில்ல வர்ற கேஸ்தான். ரோடு மறியல் எனக்குப் பிடிக்கல, நேரடியாவே சொல்லிடறேன். பொது வழியை மறிச்சதுக்கு 285-ன்னு ஒரு செக்‌ஷன், 5000 ரூபா வரைக்கும் ஃபைன், அதைக்கூட விடுங்க, அந்த பஸ்ல மாட்டிக்கிட்டு நிக்கறவங்க யாரு, உங்க மாதிரி பொம்பளைங்கதான், ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, மில்லு ஷிப்டுக்குப் போறவங்க. அவங்க கோபம் கடை மேல போகாது, உங்க மேலதான் திரும்பும். டெல்லியில குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரா ரோட்டுல உட்கார்ந்த ஷாகீன் பாக் போராட்ட விஷயத்துல 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் பொது ரோட்டை மறிச்சுக்கிட்டு காலவரையில்லாம உட்கார முடியாதுன்னு சொல்லிடுச்சு, போராடற உரிமை இருக்குங்கறதை ஒத்துக்கிட்டே இதையும் சொன்னாங்க. பேப்பர்ல வரணும்னா கடை ஷட்டரும் பின்னாடி ஸ்கூல் போர்டும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி உட்காருங்க, அந்த ஒரு போட்டோ போதும்.

பூட்டு போடறேன்னு சொல்ற தம்பிங்களை தயவுசெஞ்சு உட்கார வெச்சுப் பேசுங்க. பூட்டு போட்டா உள்ள இருக்கற சூப்பர்வைசர், சேல்ஸ்மேனை வேலை செய்ய விடாம தடுத்ததா கேஸ் வரும். தள்ளுமுள்ளுல ஒருத்தர் மேல கை பட்டுட்டா அரசு ஊழியரைத் தாக்கித் தடுத்ததுன்னு 132, அது பெயில்ல வராத செக்‌ஷன், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை. ஒரு பாட்டில் உடைஞ்சா, ஒரு ஷட்டர் வளைஞ்சா பொதுச் சொத்துக்கு சேதம்னு 1992-ம் வருஷ தமிழ்நாடு சட்டம் இருக்கு, அதுல மாட்டினா பையன் அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வர மாட்டான், பெயில் கேக்கும்போது சேதத்துக்குப் பணம் கட்டச் சொல்லுவாங்க. அதைவிட முக்கியம், ஒரு பாட்டில் உடைஞ்ச நிமிஷத்துல இருந்து உங்க கோரிக்கையை யாரும் பேச மாட்டாங்க, பாட்டிலைத்தான் பேசுவாங்க. யார் உடைச்சான்னு கூட கேக்க மாட்டாங்க, கூட்டத்துக்குள்ள வெளியாள் ஒருத்தன் புகுந்து உடைச்சாலும் கணக்கு உங்க பேர்லதான். அதனால யார் யார் நம்ம ஆளுன்னு தெரியற மாதிரி ஒரே நிறத்துல துணி கட்டிக்கோங்க, தெரியாத முகம் கூட்டத்துல கத்தினா எல்லாரும் பொசுக்குன்னு உட்கார்ந்துடணும்னு முன்னாடியே பேசி வைங்க. அந்த சூப்பர்வைசரையும் சேல்ஸ்மேனையும் திட்டாதீங்க, தொகுப்பூதியத்துக்கு வேலை பாக்கற நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் அவங்க, அந்த இடத்துல கடை வெச்சது அவங்க இல்ல.

அந்தப் பெரியவர் விஷயம் எனக்கு கவலையா இருக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடையாள உண்ணாவிரதம்னா தாராளமா இருங்க. சாகும்வரைங்கறது வேற. புதுச் சட்டத்துல தற்கொலை முயற்சிங்கற பழைய 309-ஐ அப்படியே வைக்கல, ஆனா 226-ன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு, அரசு அதிகாரியை ஒரு வேலையைச் செய்ய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயற்சி பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல சமூக சேவை. உண்ணாவிரதத்துக்கு இதைப் போடுவாங்களான்னா போடறதுக்கு வழி இருக்கு, அவ்வளவுதான் இப்போதைக்கு சொல்ல முடியும். கேஸை விடுங்க அக்கா, உயிரைச் சொல்றேன். மதுவிலக்குக்காகவே வாழ்ந்த காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில ஒரு டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி செல்போன் டவர்ல ஏறினார், உயிரோட இறங்கல. அவர் மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருக்கோ அவ்வளவு கோபமும் இருக்கு அந்த சாவு மேல. உங்க பெரியவர் உயிரோட இருந்து கிராம சபையில எழுந்து நின்னு பேசணும், அவர்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கிராம சபைன்னதும் ஞாபகம் வந்துச்சு, தீர்மானம் போட்டீங்களான்னு லெட்டர்ல எழுதல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இதுல எது அடுத்து வருதோ அதுல கடையை அகற்றணும்னு தீர்மானம் வரணும், மினிட்ஸ் புக்ல எழுதினதை நேர்ல பாத்துட்டு காப்பி வாங்கிடுங்க. தீர்மானம் மட்டுமே கடையை மூடிடாது, ஆனா ஹைகோர்ட்டுல "இது நாலு பேர் தூண்டி விட்டது"ன்னு எதிர்த் தரப்பு சொல்லும்போது அந்தப் பக்கம்தான் பேசும். கடை வேணும்னு சொல்றவங்களும் உங்க ஊர்ல இருப்பாங்க, பக்கத்துல பெட்டிக்கடை வெச்சவர், கட்டடத்துக்கு வாடகை வாங்கறவர், பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடிச்சுட்டு வண்டி ஓட்டிட்டு வந்தா உயிருக்கு ஆபத்துன்னு உண்மையிலேயே பயப்படற வீட்டுக்காரம்மாவும் கூட. அவங்க பேச்சையும் சபையில கேளுங்க, வாயை அடைக்காதீங்க. நாளைக்கு அதே ஊர்லதான் எல்லாரும் இருக்கணும்.

கைது நாள்ல என்ன நடக்கும்னு விவரமா சொல்றேன், ஏன்னா பயம் பாதி தெரியாததுனாலதான் வருது. போலீஸ் முதல்ல மைக்ல கலைஞ்சு போகச் சொல்லுவாங்க. போகலைன்னா பெண் போலீஸ் வந்து கையைப் பிடிச்சு எழுப்பி வேன்ல ஏத்துவாங்க. அப்ப கையை உதறாதீங்க, திமிறாதீங்க, உடம்பைத் தளர்த்தி விட்டுட்டா போதும். வேன் பெரும்பாலும் ஸ்டேஷனுக்குப் போகாது, ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் போகும். அங்க ஒரு ஏட்டம்மா வெள்ளைப் பேப்பரோட உட்கார்ந்து பேரு, அப்பா பேரு இல்ல புருஷன் பேரு, வயசு, கதவு நம்பர், போன் நம்பர்னு வரிசையா எழுதுவாங்க, கீழ கையெழுத்து வாங்குவாங்க. உண்மையான பேரையே குடுங்க, பேரை மாத்திக் குடுத்தா அதுவே தனிக் கேஸ். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு, எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவுல இடம் விடாம போடுங்க. படிக்கத் தெரியாத பாட்டிங்களுக்கு பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து வாசிச்சுக் காட்டணும். மதியம் சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ வரும், சாயங்காலம் ஆறு மணி வாக்குல அனுப்பி விட்டுடுவாங்க, வழக்கமா இதுதான் நடக்கும். வழக்கத்தை மீறி ரிமாண்டுக்குக் கொண்டு போனாலும் 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும், எதுக்காகக் கைதுன்னு சொல்லணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும். பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் பொம்பளைங்களைக் கைது பண்றதுக்கு மாஜிஸ்ட்ரேட் அனுமதி வேணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா அதை மீறினதுனாலயே கைது செல்லாதுன்னு ஆகிடாதுன்னு மதுரை ஹைகோர்ட்டு 2025-ல சொல்லியிருக்கு, அதனால அதை மட்டும் நம்பி ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து இருக்காதீங்க. மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரையைப் பையில வெச்சுக்கணும், கைக்குழந்தைக்காரங்களும் ஸ்கூல் பிள்ளைங்களும் வர வேண்டாம், யூனிஃபார்ம்ல பிள்ளைங்களை முன்னாடி உட்கார வைக்கற யோசனை யாருக்காவது இருந்தா இப்பவே கைவிட்டுடுங்க.

வீடியோ எடுக்க ஆள் வேணும், உட்கார்ற இடத்துல இல்லாம தள்ளி நின்னு எடுக்கணும். 2017 ஏப்ரல்ல திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்துல டாஸ்மாக் கடைக்கு எதிரா நின்ன ஒரு பெண்ணை போலீஸ் அதிகாரி ஒருத்தர் கன்னத்துல அறைஞ்சது தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சது வீடியோ இருந்ததுனாலதான்.

இனி எஃப்.ஐ.ஆர். விஷயம். சாயங்காலம் அனுப்பி விட்டதும் முடிஞ்சுதுன்னு நினைச்சு எல்லாரும் மறந்துடறாங்க, ஒண்ணரை வருஷம் கழிச்சு சம்மன் வரும்போதுதான் கேஸ் இருக்கறதே தெரியுது. அதனால அடுத்த நாளே தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல எஃப்.ஐ.ஆர். பாருங்க, 24 மணி நேரத்துல ஏத்தணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2016-லயே சொல்லியாச்சு. எந்த செக்‌ஷன்னு குறிச்சு வைங்க. 188 மாதிரி உத்தரவை மீறின குற்றத்துக்கு போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி மாஜிஸ்ட்ரேட்கிட்ட எழுத்துல புகார் குடுக்கணும்னு கரூர் பக்கத்து கேஸ் ஒண்ணுல 2018 செப்டம்பர்ல மதுரை ஹைகோர்ட்டு தெளிவாச் சொல்லியிருக்கு. கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தற போலீஸ் ஆக்ட் 30(2)-ன்னு ஒரு உத்தரவு போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு ஜனநாயக எதிர்ப்பையே மொத்தமா நசுக்க முடியாது, அந்த உத்தரவும் தண்டோரா போட்டோ பேப்பர்ல போட்டோ ஜனங்களுக்குத் தெரியற மாதிரி அறிவிச்சிருக்கணும்னும் அதே தீர்ப்புல இருக்கு. சட்டப் புத்தகம் மாறினாலும் இந்த நடைமுறை பி.என்.எஸ்.எஸ்.ல 215-ஆ அப்படியேதான் வந்திருக்கு. இன்னொண்ணு, ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டு கோப்புல எடுத்தாகணும், அது தாண்டினா காலாவதி. இந்த ரெண்டு காரணத்துலயே இந்த மாதிரி எத்தனையோ கேஸை ஹைகோர்ட்டுல ரத்து பண்ணியிருக்காங்க.

ஆனா சம்மன் வந்ததும் கோர்ட் வராண்டாவுல ஒருத்தர் வந்து "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சுரும்"னு சொல்லுவாரு. முடியாது அக்கா. ஒத்துக்கிட்டு 500 ரூபா கட்டினாலும் அது தண்டனைதான், ரெக்கார்டுல குற்றவாளின்னுதான் நிக்கும். காந்தி மாதிரி ஆமா மீறினேன்னு நிமிர்ந்து சொல்லி தண்டனையை வாங்கிக்கறது ஒரு போராட்டம், அதை முழு மனசோட நீங்க பண்ணா நான் பக்கத்துல நிப்பேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல ஒத்துக்கிட்டு வர்றது அது இல்ல.

இப்ப பொண்ணு. எஃப்.ஐ.ஆர். வந்தாலே கவர்மெண்ட் வேலை போச்சுங்கறது உண்மை இல்ல, ஒண்ணுமே ஆகாதுங்கறதும் உண்மை இல்ல. சான்றிதழ் சரிபார்ப்புலயோ போலீஸ் வெரிஃபிகேஷன்லயோ உன் மேல கேஸ் இருக்கான்னு கேப்பாங்க, அங்க மறைச்சாதான் பெரிய ஆபத்து. அவ்தார் சிங் வழக்குல 2016-ல சுப்ரீம் கோர்ட்டு இதைப் பத்தி விரிவா சொல்லியிருக்கு, சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்ப கேஸை மறைச்சிருந்தாக் கூட வேலை குடுக்கறவங்க அதைப் பெரிசு பண்ணாம விடலாம்னு, கோஷம் போடறதையே உதாரணமா சொல்லியிருக்காங்க. ஆனா விடலாம்னுதான் சொல்லுச்சு, விட்டே ஆகணும்னு சொல்லல. கேஸ் நிலுவையில இருந்தா ஆர்டர் கைக்கு வர்றது தாமதம் ஆகும், ரத்து பண்ண ஹைகோர்ட்டுக்கு அலையணும். பாஸ்போர்ட்டுக்கும் கோர்ட்டு அனுமதி வாங்க வேண்டி வரும். அவ போலீஸ் வேலைக்கும் எழுதறாளான்னு கேளுங்க, அங்க விதி ரொம்பக் கடுமை, சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலை பண்ணாலும் தகுதி இல்லைன்னு சொல்ற அளவுக்கு.

அனுப்பலாமான்னு என்னைக் கேக்கறீங்க, அந்தக் கேள்வியை அவகிட்டதான் கேக்கணும். மேஜர் ஆன பொண்ணு, அந்த ரோட்டுல நடந்து ஸ்கூலுக்குப் போனவளும் அவதான், கோபப்பட அவளுக்கு உங்களை விட அதிக உரிமை இருக்கு. மேல சொன்னதை எல்லாம் அவளைப் படிக்கச் சொல்லுங்க, படிச்சுட்டும் முன்வரிசைன்னா தடுக்காதீங்க. என் அபிப்பிராயத்தைக் கேட்டா, கவுன்சிலிங் முடிஞ்சு ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் அவ வேன்ல ஏற வேண்டாம். அப்புறமும் சர்வீஸ்ல சேர்ந்தா நடத்தை விதி வேற வந்துரும், அப்ப தெருவுல உட்கார்றது இன்னும் கஷ்டம். இன்னைக்கு அவளால முடியற வேலை நிறைய இருக்கு, ஆர்.டி.ஐ. மனு எழுதறது, தூரம் அளந்து வரைபடம் போடறது, தள்ளி நின்னு வீடியோ எடுக்கறது, மண்டபத்துல இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணித் தகவல் சொல்றது, அடுத்த நாள் எஃப்.ஐ.ஆர். இறக்கறது. குரூப் 4-க்குப் படிச்ச பொண்ணு, விதி எண் போட்டு மனு எழுத உங்க ஊர்ல அவளை விட்டா வேற யாரு இருக்கா? அந்த சோத்துப் பொட்டலம் கட்டினவங்க வேலை மாதிரிதான் இது, அவளுக்கு அப்படியே சொல்லுங்க.

எதிர்க்கறது ஒரு பக்கம் நடக்கட்டும், ரிட் மனுவையும் கூடவே போட்டுடணும். கலெக்டருக்குக் குடுத்த மனுவோட ரசீது நம்பருங்க, ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷத்துக்கான ஆதாரம், அளந்த கணக்கு, கிராம சபை தீர்மானக் காப்பி இருந்தா அது, கடையும் ஸ்கூல் கேட்டும் தெரியற போட்டோ, இவ்வளவையும் அனுப்பி வைங்க. 8வது விதியை வெச்சு கலெக்டருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் முதல்ல ஒரு வக்கீல் நோட்டீஸ் நானே தயார் பண்ணித் தர்றேன், ஃபீஸ் வேண்டாம். போராட்டத் தேதியை நோட்டீஸ் போய்ச் சேர்ந்து பதினஞ்சு நாள் கழிச்சு வைங்க.